இணைப்பு வடமும் பாடபேதமும்: தமிழ்நாட்டு ‘டிவி கேம்’ படிமம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பழைய வீடியோ கேம் கருவிகளின் திரைப்படிமத்தை மதிப்பிடுவோர், கருவியின் நினைவகத்தில் உள்ள படப்புள்ளிகளை மூலம் என்றும், அனலாக் வடமும் படக்குழாயும் அவற்றில் ஏற்படுத்தும் மாற்றங்களைச் சிதைவு என்றும் கொள்கின்றனர். இக்கட்டுரை அம்மதிப்பீட்டைத் தமிழ்ப் பதிப்பியலின் பாடபேதக் கருத்தைக் கொண்டு மறுபரிசீலனை செய்கிறது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியையும் அதன் நகல்களையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு, 1990களிலும் அதன் பின்னரும் தமிழ்நாட்டு வீடுகளில் காணப்பட்ட படிமம் வேறோர் இடத்து மூலத்தின் பழுதுபட்ட படி அன்று, தனித்த ஒரு பாடம் என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாடபேதம், படக்குழாய், ஏவி வடம், ஃபேமிகாம், பிஏஎல் முறை, மின்கழிவு

முன்னுரை

வீடியோ கேம் என்பதற்கு ‘நிகழ்பட ஆட்டம்’, ‘காணொளி விளையாட்டு’ முதலான கலைச்சொற்கள் தமிழில் ஆக்கப்பட்டுள்ளன. ஆயினும் தொண்ணூறுகளில் அதனை ஆடிய சிறுவர் வழக்கில் நிலைத்த பெயர் ‘டிவி கேம்’ என்பதே. சப்பானிய மொழியிலும் இதற்குத் ‘தெரெபி கேமு’ என்னும் பெயரே பெருவழக்கு. கலைச்சொல்லாக்கத்தில் இப்பெயர் பொருட்படுத்தப்படவில்லை. எனினும் திறனாய்வு நோக்கில் அது கலைச்சொற்களைவிடத் துல்லியமானது. காட்டப்படும் படத்தைக் குறிக்காமல் காட்டும் பெட்டியைக் குறிப்பதன் வாயிலாக, தொலைக்காட்சி இன்றி அவ்விளையாட்டு நிறைவுறாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இன்றைய மதிப்பீடு இதற்கு மாறான திசையில் செல்கிறது. பழைய கருவிகளைச் சேகரிப்போரும், அவற்றைக் கணினியில் போலச் செய்யும் எமுலேட்டர் மென்பொருள்களை ஆக்குவோரும் இணைப்பு முறைகளை ஒரு தரவரிசையில் அடுக்குகின்றனர். அலைவாங்கித் துளை வழியே செல்லும் ஆர்எஃப் இணைப்பு கடைநிலை. மஞ்சள் முனையுடைய ஏவி வடம் அதற்கு மேல். ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்தனுப்பும் எஸ்-வீடியோ அதனினும் மேல். செம்மை, பசுமை, நீலம் மூன்றையும் தனித்தனியே அனுப்பும் ஆர்ஜிபி உச்சம். இவ்வரிசை பொறியியல் அளவில் சரியானது. குறிகையின் தெளிவு அவ்வாறே கூடுகிறது. ஆனால் அது படிமத்தின் உண்மைக்கான வரிசையாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கட்டுரையின் மறுப்பு இதன்மீதே.

மூலம் எது?

ஃபேமிகாம் சப்பானில் 1983 சூலை 15 அன்று வெளியானது. அதன் படம் ஆக்கும் சில்லு ஆர்ஜிபி குறிகையை எந்நிலையிலும் உருவாக்குவதில்லை. ஒளிர்வும் நிறமும் இணைந்த கூட்டுக் குறிகையே அதிலிருந்து நேராக வெளிவருகிறது. நிறம் என்பது அங்கு செம்மை இவ்வளவு, பசுமை இவ்வளவு என்னும் அளவு அன்று. நிறத் துணை அலையின் பன்னிரு கட்டங்களுள் ஒன்று, நான்கு ஒளிர்வு நிலைகளுள் ஒன்று என்னும் இரு குறிப்புகளின் சேர்க்கை. அச்சேர்க்கையைக் கண்ணுக்குரிய நிறமாக மாற்றும் பணி தொலைக்காட்சிக்கு உரியது.

இதன் விளைவு கருதத்தக்கது. ‘இவ்விளையாட்டின் வானம் என்ன நிறம்?’ என்னும் கேள்விக்குக் கருவியின் உள்ளே விடை இல்லை. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் வானம் ஓர் எமுலேட்டரில் நீலமாகவும் மற்றொன்றில் ஊதா கலந்ததாகவும் தோன்றுவது இதனாலேயே. ஒவ்வொரு மென்பொருளும் தான் கருதும் ஏதோ ஒரு தொலைக்காட்சியைக் கொண்டு அந்நிறத்தை உய்த்துணர்கிறது. மூலநிறம் எனத் தரப்படும் அட்டவணை யாவும் பதிப்பாசிரியரின் ஊகப்பாடமே.

நின்டெண்டோ தன் பொது ஆட்டக்கூடக் கருவிகளுக்கென ஆர்ஜிபி தரும் வேறொரு சில்லையும் ஆக்கியது. தூய படம் வேண்டுவோர் அச்சில்லை எடுத்து வீட்டுக் கருவியில் பொருத்துவதுண்டு. கிடைக்கும் படம் மிகத் தெளிவானது. நிறங்கள் மட்டும் வேறானவை. தெளிவு கூடியபோது உண்மை கூடவில்லை, பாடம் மாறியது. தரவரிசைக் கொள்கை தடுமாறும் இடம் இது.

படப்புள்ளியின் எல்லையும் இத்தகையதே. ஃபேமிகாமின் புள்ளி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5.37 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வெளிப்படுகிறது. சப்பானிய, அமெரிக்க என்டிஎஸ்சி முறையின் நிறத் துணை அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒரு புள்ளி நீடிக்கும் காலத்தில் நிற அலை மூன்றில் இரு பங்கு சுற்றையே முடிக்கிறது. ஒரு புள்ளிக்குள் அதன் நிறம் நிலைபெறப் போதிய காலம் இல்லை. அண்டைப் புள்ளிகளோடு கலந்தே அது நிறமாகிறது. கூரிய விளிம்புடைய சதுரங்களாக இன்று காட்டப்படும் ‘பழைய விளையாட்டுப் படம்’ கூட்டுக் குறிகையில் ஒருபோதும் இருந்ததில்லை.

புள்ளியில்லாச் சுவடி

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். எழுத்தாணியின் குத்து ஓலையைக் கிழிக்கும் என்பது புள்ளி விடுபட்டமைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஊடகத்தின் இயல்பு அறிந்து எழுதியவன் விட்டதை, அவ்வியல்பு அறிந்து படித்தவன் நிறைவு செய்தான். சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர் ஓலையில் உள்ளதை உள்ளவாறே அச்சேற்றவில்லை. படிப்போன் ஓதியிருக்கக்கூடிய பாடத்தை அச்சேற்றினர், வேறுபட்ட பாடங்களையும் குறித்தனர்.

விளையாட்டுக் கருவிகளின் ஓவியர்களும் இத்தகைய ஊடக அறிவோடு வரைந்தனர். சேகா நிறுவனத்தின் ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ (1991) முதற்களத்தில் வரும் அருவி இதற்குப் பலரும் அறிந்த சான்று. அக்கருவியில் ஒரு படத்தளத்தின் ஊடாக மற்றொன்று தெரியுமாறு கலக்கும் பொதுவசதி இல்லை. ஓவியர் அருவியை ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கோடுகளாக வரைந்தார். ஏவி வடத்தில் அக்கோடுகள் கரைந்து, பின்னுள்ள பாறை தெரியும் நீராகின்றன. ஆர்ஜிபி வடத்தில் அவை கம்பி வேலியாக நிற்கின்றன. இக்கருவி ஃபேமிகாம் போன்றதன்று; அதனுள் ஆர்ஜிபி குறிகை உண்டு, அது வெளியே எடுக்கவும் படும். மூலம் கையில் இருந்தும் அது படிக்கத்தக்க பாடமாக இல்லை.

எமுலேட்டரின் கூரிய படத்தை ஆதரிப்போர் தம்மைப் பதிப்பாசிரியராகக் கருதுவர்: மங்கலை நீக்கி எழுத்தைத் துலக்குபவர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வர். ஒப்புமையைச் சற்றே நீட்டினால் நிலைமை தலைகீழாகிறது. கருவியின் புள்ளிகளை அப்படியே திரையில் இடுவது, ஓலையில் உள்ளவாறே புள்ளியின்றி, குறில் நெடில் வேறுபாடின்றி அச்சிட்டு, அதனையே மூலபாடம் என வழங்குவதற்கு நிகர். புள்ளி இட்டது வடம்.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. ஓலையில் விடுபட்டதை நிரப்பியது மொழியறிந்த மனம். விளையாட்டில் அதனைச் செய்தது குறிகையைப் பிரித்தறிய இயலாத கருவியின் குறைபாடு. முன்னது அறிவின் செயல், பின்னது குறையின் பயன். அன்றியும், எல்லாக் கோடுகளையும் ஓவியர் கரையவே வரைந்தார் எனக் கொள்வதும் மிகை. எழுத்துகளும் எண்களும் கரைவதை எந்த ஓவியரும் விரும்பியிரார். ஆதலின் எவ்விடத்தில் கலப்பு பாடத்தின் பகுதி, எவ்விடத்தில் அது வெறும் இடையூறு என்பதை விளையாட்டுதோறும், களந்தோறும் ஆய்ந்தே முடிவு செய்தல் வேண்டும். ஒட்டுமொத்தமாக ஏவி வடத்தைப் போற்றுவதும் தரவரிசைக் கொள்கையின் மறுபக்கமே.

தமிழ்நாட்டுப் பாடம்

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நாட்டில் வண்ண ஒளிபரப்பு 1982இல் வந்தது. இந்தியா ஏற்றது 625 கோடுகளும் நொடிக்கு 50 புலங்களும் கொண்ட பிஏஎல் முறை. சப்பானும் அமெரிக்காவும் கொண்டதோ 525 கோடுகளும் 60 புலங்களும் உடைய என்டிஎஸ்சி முறை. ஃபேமிகாம் பின்னதற்கென ஆக்கப்பட்டது. பிஏஎல் மட்டும் அறிந்த தொலைக்காட்சியில் அதன் ஏவி குறிகையைச் செலுத்தினால் படம் நிறமிழந்து தெரியும் அல்லது உருண்டோடும். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் உறவினர் கொணர்ந்த கருவிகள் இங்கு இயல்பாகப் பொருந்தியமைக்கு அவ்விடங்களிலும் பிஏஎல் முறையே வழங்கியது காரணம்.

இங்குப் பரவியவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். ‘சாமுராய்’, ‘மீடியா’ முதலான பெயர்களில் இந்தியச் சந்தையில் விற்பனையானவை ஒருபுறம். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் பெயரற்ற பெட்டிகளாக விற்றவை மறுபுறம். இவற்றின் தோற்றம், உள்ளடங்கிய விளையாட்டுகளின் எண்ணிக்கையைப் பற்றிய நம்பத்தகாத விளம்பரம் ஆகியவை நினைவுக் கட்டுரைகளில் பலகால் பேசப்பட்டுவிட்டன. அவற்றின் படிமம் பேசப்படவில்லை.

பிஏஎல் நாடுகளுக்கென வந்த நகல்களுள் பல, நொடிக்கு 50 படங்களை ஆக்கும் சில்லுகளைக் கொண்டிருந்தன. நின்டெண்டோ ஐரோப்பாவுக்கென விற்ற கருவியும் 50 படங்களையே ஆக்கியது. ஆனால் அதன் மையச் செயலியின் வேகமும் தாழ்ந்தமையால், சப்பானியப் பேழையை இட்டால் இசையின் சுருதியும் தாழ்ந்தது. நகல்களை ஆக்கியோர், சப்பானியப் பேழைகள் பிழையின்றி ஓடவேண்டும் என்னும் வணிகத் தேவையால் செயலியின் வேகத்தை ஏறத்தாழ மூலத்தின் அளவிலேயே வைத்தனர். அதனால் சுருதி காக்கப்பட்டது, தாளநடை மட்டும் ஆறில் ஒரு பங்கு தாழ்ந்தது. இராகம் கெடாமல் விளம்பத்தில் பாடப்பட்ட உருப்படி போன்றது அது.

விளையாட்டின் காலமும் அவ்வாறே நீண்டது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முதற்களத்தின் கடிகாரம் 400இல் தொடங்கி, 24 படங்களுக்கு ஒருமுறை ஒன்று குறைகிறது. சப்பானிய வீட்டில் அது ஏறத்தாழ 160 நொடியில் தீரும். 50 படங்கள் தரும் நகலில் 192 நொடி ஆகும். திரைக்குள் உள்ள எண் ஒன்றே, ஆடுவோனுக்குக் கிட்டிய காலம் வேறு. எதிரி நெருங்குவதற்கும் பொத்தானை அழுத்துவதற்கும் இடையே கிடைத்த அவகாசமும் அதே விகிதத்தில் கூடியது. ‘கான்ட்ரா’ போன்ற விளையாட்டுகளின் கடுமையைப் பற்றி எழுதப்படும் மேலைநாட்டு மதிப்புரைகளை இங்குள்ளோர் அனுபவத்தோடு அப்படியே பொருத்துவது இதனால் பிழையாகிறது. ஆடப்பட்ட பாடம் ஒன்றல்ல.

இணைக்கும் முறையும் பாடத்தைத் தீர்மானித்தது. மொட்டைமாடி அலைவாங்கியிலிருந்து இறங்கிய தட்டைக் கம்பி 300 ஓம் மின்மறுப்பு உடையது. கருவியின் ஆர்எஃப் வடமோ 75 ஓம். இரண்டுக்கும் இடையே ஒரு சிறு மாற்றி தேவைப்பட்டது. அது இல்லாத வீடுகளில் கம்பியின் முனைகளை முறுக்கிச் சேர்த்தே ஆட நேர்ந்தது. பொருந்தா மின்மறுப்பில் குறிகையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்ப, படம் சோர்ந்தது. பின்னர்த் தொலைக்காட்சியின் டியூனரைத் திருகி, பனித்தூவலின் நடுவே கருவியின் அலைவரிசையைத் தேடிப் பிடிக்க வேண்டும். கேபிள் இணைப்பு வந்தபின் அதன் வடத்தைக் கழற்றினாலன்றி விளையாட்டுக்கு இடமில்லை. ஆட்டத்தின் நேரம் வீட்டாரின் தொடர்நாடக நேரத்துக்கு அடங்கியமைக்கு ஒற்றைத் துளையும் ஒரு காரணம். ஏவி துளை பொதுவழக்கானபின் இச்சிக்கல் நீங்கியது; விசிடி, டிவிடி கருவிகளின் பரவலே மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளை எல்லா வீட்டுக்கும் அறிமுகம் செய்தது. ஆர்ஜிபிக்கு வழிவகுத்த ஸ்கார்ட் துளை 1980 முதல் பிரான்சில் கட்டாயமாகி ஐரோப்பாவில் பரவியபோதும் இந்தியாவில் வேரூன்றவில்லை. ஆகவே ‘தூய’ பாடம் இங்குப் படிக்கப்படவே இல்லை.

நிறத்தில் ஒரு நுட்பம் உண்டு. என்டிஎஸ்சி தொலைக்காட்சிகளில் நிறச்சாயலைத் திருத்தும் திருகு ஒன்று இருந்தது. வீட்டுக்கு வீடு வானத்தின் நிறம் மாறியது. பிஏஎல் முறை ஒவ்வொரு கோட்டிலும் நிறக்குறிகையின் ஒரு கூறைத் தலைகீழாக்கி, அடுத்தடுத்த கோடுகளைச் சராசரியாக்குவதால் சாயல் பிழை தானே நீங்கி, செறிவு மட்டும் சற்றுக் குறைகிறது. எனவே இம்முறைத் தொலைக்காட்சிகளுக்குச் சாயல் திருகு தேவைப்படவில்லை. மங்கலானது எனப் பழிக்கப்படும் இப்பாடம், சாயல் அளவில் வீடுதோறும் ஒன்றுபட்டு நிற்கக்கூடியது. சப்பானியப் பாடத்தைவிட இங்குள்ளது எவ்வகையிலும் தாழ்ந்ததே என்னும் பொதுக்கருத்துக்கு இவ்வொரு செய்தியே போதிய மறுப்பு.

மாற்றிகளும் வடிகட்டிகளும்

ஏவி குறிகையை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவான மாற்றிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. அவற்றுள் பல, கருவி அனுப்பும் 240 கோட்டு முழுப்படத்தை இரு புலங்களாகப் பின்னிய படம் எனத் தவறாக உணர்ந்து தேவையற்ற சேர்க்கையைச் செய்கின்றன. ஒரு படம் விட்டு ஒரு படம் மின்னி நிழல்போல் தோன்றவேண்டிய உருவம் அதனால் சீப்புப்பல்லாகவோ முற்றும் மறைந்தோ போகிறது. நான்குக்கு மூன்று வடிவிலான படம் அகலத்திரைக்கு இழுக்கப்பட்டு வட்டம் முட்டையாவது யாவரும் காண்பது. எமுலேட்டர்களின் ‘கோட்டு வடிகட்டி’ இதற்கு மாற்றாகச் சொல்லப்படுகிறது. கூரிய படத்தின்மேல் கருங்கோடுகளை இடும் எளிய வடிகட்டி, குழாயின் ஒரு புறத்தோற்றத்தைப் போலச் செய்கிறதே தவிர நிறக்கலப்பைத் தொடுவதில்லை. கூட்டுக் குறிகையையே கணக்கிட்டு மீட்கும் மென்பொருள்கள் மதிக்கத்தக்கவை. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி பாடத்தையே மீட்கின்றன.

போலச்செய்தல் எட்டாத இடம் துப்பாக்கி. 1984இல் வெளியான ‘டக் ஹன்ட்’ விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருமையாகி, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கியின் உள்ளிருக்கும் ஒளியுணரி அதனைக் காண்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 15,000 கோடுகளை வரையும் மின்கற்றையின் துடிப்புக்கு இசைந்தே அவ்வுணரியின் மின்சுற்று அமைந்தது. தட்டைத்திரையில் அத்துடிப்பும் இல்லை. படம் உரிய கணத்தில் வருவதும் இல்லை. நகல் கருவிகளோடு வந்த நெகிழித் துப்பாக்கிகள் இன்று எந்த நவீனத் தொலைக்காட்சியிலும் சுடா.

காயலான் கடையில் சான்று

தமிழ்நாட்டில் படக்குழாய்த் தொலைக்காட்சி அதன் இறுதிக் காலத்தில்தான் மிகப் பரவலாயிற்று. 2006இல் தொடங்கி 2011 வரை நடந்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகளை வீடுகளில் சேர்த்தது. அத்திட்டம் அரசியல் நோக்கிலும், 2013 சூலை 5இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டிச் சட்ட நோக்கிலும் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளது. உலகம் தட்டைத்திரைக்கு மாறிய ஆண்டுகளில் ஒரு மாநிலம் முழுவதும் படக்குழாயைப் பெற்றது என்னும் ஊடக வரலாற்றுச் செய்தி அவ்விவாதங்களில் இடம்பெறவில்லை.

அப்பெட்டிகள் இப்போது உடைபடும் பருவத்தில் உள்ளன. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி, மீஞ்சூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை நீளும் தொழில்வட்டாரம் இதற்கு உரிய களம். காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இல் செயற்படத் தொடங்கியபின் சரக்குப் பெட்டக லாரிகளின் வழியாகவும் மாறிய இவ்வட்டாரத்தில், இரும்பும் செம்பும் ஈயமும் எடைக்கு வாங்கி விற்கும் தொழில் நெடுநாளையது. காயலான் கடைக்கு வரும் தொலைக்காட்சியில் விலைபோவது குழாயின் கழுத்தைச் சுற்றிய யோக்கின் செம்பும் மின்சுற்றுப் பலகையும் மட்டுமே. குழாயின் புனற்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடு உண்டு, வாங்குவாரில்லை. மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்து, 2016இலும் 2022இலும் புதுக்கப்பட்டன. அவற்றின் நோக்கில் படக்குழாய் ஒரு நச்சுப்பொருள். அந்நோக்கு முற்றிலும் நியாயமானது. நூலகத்தில் அடுக்கி வைக்கத்தக்க சுவடி அன்று அது. இலட்சக்கணக்கில் காப்பதை எவரும் கோர இயலாது.

கோரத்தக்கது பதிவு. ஒரு விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படும் ஆய்வு, எந்தச் சில்லுடைய கருவியில், எவ்வடத்தின் வழி, எம்முறைத் தொலைக்காட்சியில் கண்டதைப் பேசுகிறது என்று முதலில் குறித்தல் வேண்டும். சுவடியின் எண்ணையும் இருப்பிடத்தையும் குறிக்காத பாடபேதத்தை ஏற்கும் பதிப்பாய்வாளர் இலர். பிஏஎல் நகல்களின் நிறச்சில்லுகள் வெளியிடும் மின்னழுத்த அளவுகளை அலைவுகாட்டியால் அளந்து பொதுவில் வைப்பது மின்னணுவியல் துறையுடைய எந்தக் கல்லூரிக்கும் எட்டாத பணி அன்று. தமிழ்த்துறையினர் அப்பணியில் சேர்வதற்கும் இடமுண்டு. ஆடியோர் ‘ஏவி பின்’, ‘டியூன் பண்ணுதல்’, ‘படம் உருளுது’ என வழங்கிய சொற்கள் குறிகையின் எந்நிலையைக் குறித்தன என்பதை அவர்களிடமே கேட்டுத் தொகுத்தால், அளவுகளுக்கு உரையாக அமையும்.

இவ்வளவீட்டில் ஒழுங்குமுறை ஒன்று தேவை. கருவியின் சில்லு பல்லாண்டு காத்திருக்கும். வடம் இன்றும் புதிதாகவே விற்கிறது. படக்குழாய் மட்டும் நாள்தோறும் தேய்கிறது. எதிர்மின்வாயின் உமிழ்வு குறைந்து, பாஸ்பரம் மங்கி, மூன்று நிறங்களும் வெவ்வேறு வேகத்தில் தளர்கின்றன. பழைய பெட்டியில் இன்று காணும் வானம் அதே பெட்டி புதிதாய் இருந்தபோது காட்டியது அன்று. ஆதலால் குறைவாகப் பயன்பட்ட பெட்டிகளிலிருந்து, குழாயின் நிற அளவை முதலிலும் கருவியின் அளவைப் பின்னரும் எடுப்பதே முறையாகும்.